மாறும் பணியிடமும் மௌனத்தின் விலையும்

ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணைவதும், புதிய இயந்திரமோ மென்பொருளோ பழைய வேலைமுறையை அகற்றிவிடுவதும், நட்டத்தில் ஓடும் பிரிவு மூடப்படுவதும், அலுவலகம் வேறு ஊருக்குப் பெயர்வதும் தொழில் உலகில் நாள்தோறும் நிகழ்பவை. இவற்றைத் திட்டமிடும் நிர்வாகங்கள் நிதிக் கணக்குக்கும் சட்டச் சிக்கல்களுக்கும் இயந்திரக் கொள்முதலுக்கும் மாதக்கணக்கில் நேரம் செலவிடுகின்றன. ஆனால் அந்த மாற்றத்தைத் தம் அன்றாட வாழ்வில் தாங்கப்போகும் ஊழியர்களிடம் அதை எப்போது, யார், எந்த அளவுக்குச் சொல்வது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசி வாரத்தில், ஒரு சுற்றறிக்கையின் வாசகத்தைத் திருத்தும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

மாற்றச் செய்தியைக் கேட்கும் ஊழியரின் மனத்தில் எழும் கேள்விகள் எளியவை. வேலை நிலைக்குமா, சம்பளம் குறையுமா, எந்த ஊருக்கு மாறுதல் வரும், பணிமூப்பு எப்படிக் கணக்கிடப்படும், இத்தனை ஆண்டுகள் பழகிய கைத்திறனுக்கு இனி இடம் உண்டா என்பவை அவற்றுள் முதன்மையானவை. நிர்வாகத்தின் அறிக்கைகளோ சந்தைப் போட்டி, வளர்ச்சி, தொலைநோக்கு என்று நிறுவனத்தின் எதிர்காலத்தைப் பேசுகின்றன. ஊழியர் தேடுவது அதில் தமக்குரிய வரியை. அந்த வரி இல்லாதபோது, எவ்வளவு அழகாக எழுதப்பட்ட அறிக்கையும் மௌனத்துக்குச் சமமாகிவிடுகிறது. இத்தகைய மௌனத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையை ஊழியர் மட்டுமின்றி நிறுவனமும் சேர்ந்தே கொடுக்கிறது என்பதையும், கடந்த முக்கால் நூற்றாண்டில் தொழிற்சாலைகளிலேயே நடத்தப்பட்ட சில ஆய்வுகளும் அண்மைக்கால நிகழ்வுகளும் காட்டுகின்றன.

வதந்தி பிறக்கும் இடம்

நிர்வாகம் பேசாத இடத்தில் பேச்சு நின்றுவிடுவதில்லை. அது கேண்டீனுக்கும் ஷிப்ட் பேருந்துக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இடம் மாறுகிறது. அமெரிக்க உளவியலாளர்களான கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947-இல் வெளியிட்ட வதந்தி பற்றிய நூலில், ஒரு வதந்தியின் பரவல் இரண்டு காரணிகளைப் பொறுத்தது என்று விளக்கினர். ஒன்று, அச்செய்தி கேட்பவருக்கு எவ்வளவு முக்கியமானது என்பது. மற்றொன்று, அதைப் பற்றிக் கிடைக்கும் தகவல் எவ்வளவு தெளிவற்றது என்பது. இவ்விரண்டும் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன என்பதே அவர்கள் கருத்தின் சாரம். அதாவது, இரண்டில் ஏதேனும் ஒன்று சுழியானால் வதந்திக்கு இடமே இராது.

இந்தக் கணக்கைப் பணியிடத்துக்குப் பொருத்திப் பார்த்தால் நிர்வாகத்தின் கையில் இருப்பது எது என்பது தெளிவாகும். வேலையும் வருமானமும் ஊழியருக்கு முக்கியமற்றுப் போகப்போவதில்லை. ஆகவே முதற்காரணியைக் குறைக்க யாராலும் முடியாது. குறைக்கக்கூடியது தெளிவின்மை ஒன்றுதான். முடிவு எட்டப்படும்வரை எதையும் வெளியிடலாகாது என்று கதவடைத்துப் பேசும் நிர்வாகம் அமைதியைக் காப்பதாக எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அது, தணிக்கை அதிகாரிகள் வந்துபோனதையும் பதவி உயர்வுப் பட்டியல் தாமதமானதையும் மேலாளரின் அறை விளக்கு இரவு வெகுநேரம் எரிந்ததையும் கொண்டு ஊழியர்கள் தாமாகவே ஒரு கதையை அமைத்துக்கொள்ள அவகாசம் கொடுக்கிறது. அவ்வாறு அமையும் கதை பெரும்பாலும் உண்மையைவிட மோசமானதாகவே இருக்கும், ஏனெனில் அறியாததை அச்சத்தைக் கொண்டு நிரப்புவது மனித இயல்பு.

சொல்வதும் கேட்பதும்

மாற்றத்தின்போது ஊழியர்களோடு பேசுவது குறித்த ஆய்வுகளில் மிகப் பழையதும் இன்றும் எடுத்துப் பேசப்படுவதுமான ஒன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இயங்கிய ஹார்வுட் என்னும் பைஜாமா தயாரிப்பு ஆலையில் நடந்தது. அங்கு ஊழியர்களுக்குத் துண்டுக்கணக்கில், அதாவது முடித்துக் கொடுக்கும் உருப்படிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வழங்கப்பட்டது. உடையின் வடிவமோ செய்முறையோ மாறி, ஊழியர்கள் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டபோதெல்லாம் உற்பத்தி சரிந்தது. மணிக்கு 60 அலகு என்ற இலக்கை மீண்டும் எட்டியவர்கள் 38 சதவீதத்தினர் மட்டுமே. ஏனையோர் நிரந்தரமாகப் பின்தங்கினர், அல்லது வேலையை விட்டுச் சென்றனர். மாற்றம் சிறிதாக இருந்தபோதும் இந்த நிலை தொடர்ந்ததால், கைப்பழக்கம் மாறுவதில் உள்ள சிரமம் மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் ஊகித்தனர்.

லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் 1948-இல் வெளியிட்ட இவ்வாய்வில் ஊழியர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவுக்கு ஆலையின் வழக்கமான முறையே பின்பற்றப்பட்டது: நிர்வாகம் புதிய செய்முறையையும் கூலியையும் தீர்மானித்துவிட்டு, ஊழியர்களைக் கூட்டி, மாற்றத்துக்கான காரணத்தை விளக்கி, அவர்களுடைய கேள்விகளுக்கும் விடை அளித்தது. இன்னொரு குழு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வழியாகப் புதிய முறையை வகுப்பதில் பங்கேற்றது. மற்ற இரு குழுக்களில் எல்லா ஊழியர்களும் நேரடியாகவே அதில் ஈடுபட்டனர். பங்கேற்கும் குழுவின் முன், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த, ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல் இருமடங்கு விலைக்கு விற்கப்பட்ட இரண்டு உடைகள் வைக்கப்பட்டு, எது மலிவானது என்று கண்டுபிடிக்கச் சொல்லப்பட்டது. அவர்களால் அதைச் சொல்ல முடியாமற் போனபோது, செலவைக் குறைக்கவேண்டிய தேவை ஒரு நிர்வாகச் சொற்பொழிவு இல்லாமலே விளங்கிவிட்டது. முழுப் பங்கேற்புக் குழுக்களிலிருந்து வந்த யோசனைகளைக் குறிப்பெடுப்பவரால் எழுதி மாளவில்லை.

விளைவு தெளிவாக இருந்தது. வழக்கமான முறையில் நடத்தப்பட்ட குழுவின் உற்பத்தி மீளவே இல்லை. முதல் 40 நாள்களுக்குள் அக்குழுவில் 17 சதவீதத்தினர் வேலையை விட்டனர். பிரதிநிதிகள் வழியாகப் பங்கேற்ற குழு இரண்டு வாரங்களில் பழைய இலக்கை எட்டியது. எல்லாரும் பங்கேற்ற குழுக்கள் அதைவிட விரைவாக மீண்டு, பழைய அளவைக் காட்டிலும் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதலாக உற்பத்தி செய்தன. அவற்றிலிருந்து ஒருவரும் விலகவில்லை. பின்னர், முதற்குழுவில் எஞ்சியிருந்தவர்களே வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டு முழுப் பங்கேற்பு முறையில் நடத்தப்பட்டபோது, அவர்களும் விரைவில் தேறினர் என்பது, குறை ஆட்களிடம் இல்லை, நடத்தப்பட்ட முறையில்தான் இருந்தது என்பதற்குச் சான்றாயிற்று.

இந்த ஆய்வில் எளிதில் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. தோற்றுப்போன முதற்குழுவுக்கும் தகவல் சொல்லப்பட்டது, கூட்டம் நடந்தது, கேள்விகளுக்கு விடையும் கிடைத்தது. குறைந்தது ஒன்றே: அவர்கள் என்ன சொன்னாலும் மாறக்கூடியது எதுவும் அந்தக் கூட்டத்தில் மிச்சமிருக்கவில்லை. அதே நேரத்தில், கலந்தாலோசனையை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கொள்வதும் பிழை. இதே முறை பின்னர் நார்வே நாட்டின் காலணி ஆலை ஒன்றில் சோதிக்கப்பட்டு 1960-இல் அதன் முடிவு வெளியானபோது, உற்பத்தியில் அத்தகைய உயர்வு தென்படவில்லை. ஊழியர்கள் தம் வேலையோடு நெருங்கிய தொடர்புடையதென்றும் தமக்கு உரியதென்றும் கருதும் முடிவுகளில் பங்கு கிடைத்தால்தான் பங்கேற்புக்குப் பொருள் உண்டு என்பது அதிலிருந்து பெறப்பட்ட படிப்பினை.

இணைப்பு அறிவிக்கப்பட்ட பின்

எல்லா முடிவுகளிலும் ஊழியருக்குப் பங்கு அளிக்க இயலாது என்பது உண்மையே. இரு நிறுவனங்களின் இணைப்பு போன்ற பெரு முடிவுகள் இயக்குநர் குழுவின் அறையில், பங்குச்சந்தை விதிகளின் கட்டுக்குள், இரகசியமாகவே எடுக்கப்படுகின்றன. அத்தகைய சூழலில் அறிவிப்புக்குப் பிந்தைய தகவல் பரிமாற்றம் எவ்வளவு பயன் தரும் என்பதை டேவிட் ஷ்வைகர், ஆஞ்சலோ டெனிசி ஆகிய இருவரும் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டனர். இணைப்புக்கு உள்ளாகிய ஓர் அமெரிக்க நிறுவனத்தின் இரண்டு ஆலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஓர் ஆலைக்குத் தலைமை நிர்வாகியின் கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்தது. மற்றதில் மாதம் இருமுறை செய்திமடல் வெளியிடப்பட்டது. கேள்வி கேட்பதற்கென்று தனித் தொலைபேசி எண் ஏற்படுத்தப்பட்டது. ஆலை மேலாளர் வாரந்தோறும் மேற்பார்வையாளர்களையும் பாதிக்கப்படும் பிரிவுகளின் ஊழியர்களையும் சந்தித்துப் பேசினார். ஆட்குறைப்பு, இடமாறுதல், பதவி மாற்றம் போன்ற கசப்பான செய்திகளும் அவற்றில் மறைக்கப்படவில்லை.

இணைப்பு அறிவிக்கப்பட்ட உடனே இரண்டு ஆலைகளிலும் மன அழுத்தமும் நிச்சயமின்மையும் ஏறின. வேலைத் திருப்தியும் நிறுவனத்தின்மீது இருந்த பற்றும் இறங்கின. வேறுபாடு அதன்பின்தான் வெளிப்பட்டது. கடிதத்தோடு நிறுத்திக்கொண்ட ஆலையில் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போயிற்று. பேச்சு தொடர்ந்த ஆலையில் சரிவு நின்று, நிலைமை மெல்ல மெல்லச் சீரடையத் தொடங்கியது. தகவல் பரிமாற்றத்தால் செய்யக்கூடியதையும் செய்யமுடியாததையும் இந்த ஆய்வு ஒருசேரக் காட்டுகிறது. முதல் அதிர்ச்சியை எந்த நேர்த்தியான அறிவிப்பாலும் தடுக்க இயலாது. ஆகவே முதல் நாள் கூட்டத்தில் ஊழியர்கள் கோபப்பட்டார்கள் என்பதைக் கொண்டு, பேசியதே தவறு என்று முடிவு கட்டிப் பின்வாங்கும் நிர்வாகம், பலன் கிடைக்கத் தொடங்கும் தறுவாயில் முயற்சியைக் கைவிடுகிறது.

காரணம் சொல்லப்பட்ட வெட்டும் சொல்லப்படாத வெட்டும்

விளக்கம் அளிப்பதன் மதிப்பை ரூபாய் கணக்கிலேயே எடைபோட உதவும் ஆய்வு ஒன்றை ஜெரால்டு கிரீன்பர்க் 1990-இல் வெளியிட்டார். பெரிய ஒப்பந்தங்களை இழந்த ஓர் அமெரிக்க உற்பத்தி நிறுவனம், ஆட்களை நீக்குவதற்கு மாற்றாக, தன் இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதத்தைக் குறைத்தது. மூன்றாவது ஆலையில் குறைப்பு எதுவும் இல்லை. முதல் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து, வரவு செலவு விவரங்களை வரைபடங்களோடு காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொன்னார். அந்தக் கூட்டம் ஒன்றரை மணிநேரம் நீடித்தது. இரண்டாவது ஆலையில் ஏறக்குறைய கால் மணிநேரத்தில், வெட்டு எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைத் தாண்டி அதிகம் விளக்காமல், கூட்டம் முடிக்கப்பட்டது.

வெட்டு நடப்பிலிருந்த வாரங்களில் ஆலைகளிலிருந்து காணாமற்போன கருவிகள், பொருள்கள் ஆகியவற்றின் அளவு, சம்பளம் குறைக்கப்பட்ட இரு இடங்களிலுமே கூடியது. ஆயினும் போதிய விளக்கம் கிடைக்காத ஆலையில் அது மிகுதியாக இருந்தது. அந்த ஆலையில் 23 சதவீத ஊழியர்கள் வேலையை விட்டு விலகினர். விளக்கம் பெற்ற ஆலையில் விலகியவர்கள் மிகச் சிலரே. இழந்த பணம் இரு தரப்பினருக்கும் ஒரே அளவுதான் என்பதால், இந்த வேறுபாட்டைப் பண இழப்பைக் கொண்டு விளக்க முடியாது. ஒரு முடிவின் பலன் நியாயமானதா என்பதோடு, அம்முடிவு எடுக்கப்பட்ட வழியும் அது தெரிவிக்கப்பட்ட முறையும் நியாயமானவையா என்பதையும் மனிதர்கள் தனியே எடைபோடுகின்றனர். பின்னதை ஆய்வாளர்கள் நடைமுறை நீதி என்று அழைக்கின்றனர். கசப்பான முடிவுகளின்போது நடைமுறை நீதியின் எடை கூடுகிறது என்பது இத்துறையில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்ட கருத்தாகும்.

யார் சொல்லவேண்டும்

பெரிய அரங்கில் தலைவரின் உரை, நேர்த்தியாகப் படமாக்கப்பட்ட காணொளி, பளபளக்கும் தாளில் அச்சிட்ட கையேடு ஆகியவற்றில் பல நிறுவனங்கள் பணத்தைக் கொட்டுகின்றன. டி. ஜே. லார்க்கின், சாந்தார் லார்க்கின் என்ற ஆலோசகர் இணையர் 1990-களில் எழுதிய நூலிலும் கட்டுரையிலும் இந்த வழக்கத்தைக் கடுமையாக மறுத்தனர். உழைக்கும் தளத்தில் உள்ளவர்கள் மாற்றத்தைப் பற்றித் தம் நேரடி மேற்பார்வையாளரிடமிருந்து கேட்கவே விரும்புகின்றனர் என்பதும், விழுமியங்களைப் போற்றும் சொற்களைவிட உறுதியான விவரங்களே அவர்களுக்குப் பயன்படுகின்றன என்பதும், அச்சிலோ திரையிலோ வருவதைவிட நேருக்கு நேர் பேசுவதே நம்பப்படுகிறது என்பதும் அவர்கள் வாதத்தின் மூன்று கால்கள்.

ஆனால் மேற்பார்வையாளரின் நிலை இக்கட்டானது. மேலிருந்து அவருக்கே செய்தி வருவதில்லை. கீழிருந்து வரும் கேள்விகளுக்கு அவர்தான் முதலில் முகம் கொடுக்கவேண்டும். தம் பிரிவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைத் தம் ஆட்களோடு சேர்ந்து அறிவிப்புப் பலகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் சூப்பர்வைசர், அந்த நிமிடத்தோடு தம் ஆட்களின் பார்வையில் மதிப்பிழந்துவிடுகிறார். ஆகவே செய்தி ஊழியர்களுக்குப் போகுமுன் இடைநிலையினருக்குப் போவதும், எதிர்பார்க்கக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் அவர்கள் கையில் இருப்பதும், விடை இல்லாதவற்றை அவர்கள் யாரிடம் கொண்டுசெல்வது என்பது தெளிவாக இருப்பதும் இன்றியமையாதவை.

இதற்கு எதிராக வேலை செய்யும் ஓர் இயல்பும் உண்டு. சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸர் என்ற உளவியலாளர்கள் 1970-இல் சுட்டிக்காட்டியதுபோல, நல்ல செய்தியைச் சொல்ல முந்திக்கொள்ளும் மனிதர்கள் கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குகின்றனர், தள்ளிப்போடுகின்றனர், அல்லது தேன் தடவிச் சொல்கின்றனர். இந்தத் தயக்கம் இரு திசைகளிலும் செயல்படுகிறது. மேலாளர் ஊழியரிடம் ஆட்குறைப்பைச் சொல்லத் தயங்குவதைப் போலவே, புதிய மென்பொருள் வேலைக்கு உதவவில்லை என்பதை மேலாளரிடம் சொல்ல ஊழியரும் தயங்குகிறார். பின்னதுதான் நிறுவனத்துக்குக் கூடுதல் ஆபத்து, ஏனெனில் மாற்றம் எங்கே இடறுகிறது என்பது தளத்தில் நிற்பவருக்கே முதலில் தெரிகிறது.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சம்

இந்தியாவில் இது நிர்வாகத்தின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விடப்பட்ட பொருளாக இருந்ததில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9-ஏ என்ற பிரிவு, ஊதியம், வேலைநேரம், விடுப்பு, ஷிப்ட் முறை, ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய இயந்திரமயமாக்கல் முதலிய பட்டியலிடப்பட்ட பணி நிபந்தனைகளில் மாற்றம் செய்ய விரும்பும் வேலையளிப்பவர், பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து 21 நாள்கள் பொறுத்திருக்கவேண்டும் என்று விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோதும், இந்த 21 நாள் விதியைத் தக்கவைத்துக்கொண்டுள்ளது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் நிர்வாகப் பிரதிநிதிகளும் அவர்களுக்கு எண்ணிக்கையில் குறையாத தொழிலாளர் பிரதிநிதிகளும் கூடிப் பேசும் பணிக்குழுக்களை அமைக்க ஆணையிடும் வழக்கமும் தொடர்கிறது.

இவ்விதிகள் கேட்பது குறைந்தபட்சம் மட்டுமே. அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று அவை சொல்கின்றன; அது புரியும்படி இருக்கவேண்டும் என்றோ, கேள்விகளுக்கு விடை தரவேண்டும் என்றோ வற்புறுத்துவதில்லை. ஆயினும் அந்த 21 நாள்களுக்கு ஒரு நோக்கம் உண்டு. மாற்றம் நடைமுறைக்கு வருமுன் தொழிற்சங்கம் எதிர்ப்பைப் பதிவு செய்யவும், பேச்சுவார்த்தை கோரவும், சமரச அதிகாரியை நாடவும் அந்த இடைவெளி வாய்ப்பளிக்கிறது. அதை ஒரு சடங்காகக் கழிக்கும் நிர்வாகம், சட்டமே வழங்கிய பேச்சு நேரத்தை வீணாக்குகிறது.

வங்கிகள் கண்ட மாற்றங்கள்

இந்திய வங்கித் துறையின் கணினிமயமாக்கல், எதிர்ப்போடு தொடங்கிப் பேச்சுவார்த்தையால் நடந்தேறிய மாற்றத்துக்கு நல்ல சான்று. கணினி வந்தால் வேலை போகும் என்ற அச்சம் 1980-களின் தொடக்கத்தில் வங்கி ஊழியர்களிடையே பரவலாக இருந்தது. இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே 1983-இல் எட்டப்பட்ட உடன்பாடு இயந்திரங்களை வரையறையோடு அனுமதித்தது; சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் கிளைகளைக் கணினிமயமாக்கும் வழிமுறையைப் பரிந்துரைத்தது. 1993-இல் இன்னொரு உடன்பாடு அந்த எல்லைகளை விரிவுபடுத்தியது. இந்தப் படிப்படியான போக்கு காலத்தைத் தின்றது என்று குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் எந்தக் கிளைக்கு எந்த இயந்திரம் எந்த வரம்புக்குள் வரும் என்பது எழுத்தில் இருந்ததால், ஊழியர்களால் தம் நிலையைக் கணிக்க முடிந்தது.

பாரத ஸ்டேட் வங்கி வேறொரு வழியைக் காட்டியது. தனியார் வங்கிகளிடம் சந்தைப் பங்கை இழந்துகொண்டிருந்த நிலையில், அப்போதைய தலைவர் ஓ. பி. பட் அந்த இழப்பின் விவரங்களை மறைக்காமல் முதலில் உயர் அதிகாரிகளின் முன் வைத்தார். சங்கத் தலைவர்களிடமும் அதே விவரங்களைப் பகிர்ந்தார். பின்னர் 2007-இல் பரிவர்த்தன் என்ற பெயரில் இரண்டு நாள் பயிலரங்குகள் நடத்தப்பட்டு, சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், கடைநிலையினர் உட்பட, அவற்றில் பங்கேற்றனர். நிறுவனத்தின் உண்மை நிலை உயர்மட்டத்துக்கு மட்டும் உரிய இரகசியம் என்ற வழக்கத்தை அது உடைத்தது.

இணைப்புகளின் கதை சற்றே மாறுபட்டது. 2019 ஆகஸ்ட் 30 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 10 பொதுத்துறை வங்கிகளை இணைத்து 4 ஆக்கும் திட்டத்தை அறிவித்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு, 1865-இல் தொடங்கப்பட்ட அலகாபாத் வங்கி இணையும் என்பது அதில் ஒன்று. ஒருவரும் வேலை இழக்கமாட்டார் என்று அமைச்சர் சில நாள்களுக்குள் உறுதியளித்தார். ஆயினும் அக்டோபர் 22 அன்று வங்கி ஊழியர் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. இணைப்பே கூடாது என்ற கொள்கை எதிர்ப்பு அதில் முதன்மையானது என்றாலும், ஒரே தெருவில் உள்ள இரண்டு கிளைகளில் எது மூடப்படும், மாறுதல் எந்த மொழி பேசும் மாநிலத்துக்கு வரும், இரு வங்கிகளின் பணிமூப்புப் பட்டியல்கள் எப்படி ஒன்றாகும் என்பன போன்ற கேள்விகளுக்கு வேலைப் பாதுகாப்பு உறுதிமொழியில் விடை இருக்கவில்லை. ஊழியரின் பல கேள்விகளுள் ஒன்றுக்கு மட்டும் உரத்த குரலில் பதில் சொல்வது, மற்றவற்றைப் பற்றிய ஐயத்தைத் தணிப்பதில்லை.

பேச மறுத்ததன் விளைவு

கலந்தாலோசனையைத் தெரிந்தே தவிர்த்த நிகழ்வுக்குப் பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் கப்பல் நிறுவனம் எடுத்துக்காட்டு. 2022 மார்ச் 17 அன்று ஏறக்குறைய 800 கடலோடிகள், முன்பே பதிவு செய்யப்பட்ட காணொளிச் செய்தி ஒன்றின் மூலம், அன்றே தம் வேலை முடிந்துவிட்டது என்று அறிந்தனர். நூறு அல்லது அதற்கு மேற்பட்டோரை நீக்கும்போது 45 நாள்களுக்கு முன்பே சங்கத்தோடு கலந்து பேசவேண்டும் என்பது அந்நாட்டு விதி. எந்தச் சங்கமும் தம் திட்டத்தை ஏற்காது என்பதால் பேசாமல் விட்டு இழப்பீடு கொடுக்க முடிவு செய்ததாக நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சில நாள்களில் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

பேச்சைத் தவிர்த்தால் நேரம் மிச்சமாகும் என்ற அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. அவசரமாக அமர்த்தப்பட்ட புதிய மாலுமிகளுடன் இயங்கவிருந்த யூரோப்பியன் காஸ்வே என்ற கப்பலை, மாலுமிகளின் பயிற்சியிலும் கப்பலோடு அவர்களுக்கு இருந்த பழக்கத்திலும் ஆவணங்களிலும் குறை கண்ட பாதுகாப்பு அதிகாரிகள் லார்ன் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தினர். அரசும் எதிர்க்கட்சியும் ஒருசேரக் கண்டித்தன. மறு ஆண்டே கடலோடிகளின் ஊதியம் குறித்துப் புதிய சட்டம் வந்தது. பழைய ஆட்களோடு சேர்ந்து வெளியேறியது, கப்பலை இயக்கும் பழக்கறிவும்கூட என்பதை நிறுவனம் தாமதமாகவே உணர்ந்தது.

முன்னறிவிப்பு மட்டும் போதாது என்பதற்குச் சென்னைக்கு அருகே மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு ஆலை சான்று. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தபோது, சென்னை ஆலைக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் மின்வாகனத் திட்டம் ஒன்றுக்கு அரசின் ஊக்கத்தொகைப் பட்டியலில் நிறுவனம் இடம்பெற்றதால் ஆலை பிழைக்கக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது. மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இழப்பீட்டுத் தொகை முடிவாகாத நிலையில், அம்மாத இறுதியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடினர். மூடும் தேதி தெரிந்திருந்தது. மூடிய பின் கையில் என்ன இருக்கும் என்பது தெரியாமலிருந்தது. குடும்பத்துக்குக் கணக்குப் போடவேண்டியவருக்கு இரண்டாவதே பெரிய செய்தி.

ஒரு நல்ல அறிவிப்பில் இருக்கவேண்டியவை

மேற்கண்டவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால், மாற்றக் காலத்தில் ஊழியரிடம் பேசும் எந்த அறிவிப்பும் நான்கு செய்திகளைத் தாங்கியிருக்கவேண்டும் என்பது புலப்படும். எது முடிவாகிவிட்டது என்பதும் அதற்கான காரணமும் முதலாவது. எது இன்னும் முடிவாகவில்லை என்பது இரண்டாவது. முடிவாகாதது எந்தத் தேதிக்குள் முடிவாகும் என்பது மூன்றாவது. எதில் ஊழியரின் யோசனைக்கு இடம் இருக்கிறது, அதை யாரிடம் சொல்வது என்பது நான்காவது. இவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் சொல்லத்தான் நிர்வாகங்கள் மிகவும் தயங்குகின்றன, ஏனெனில் தெரியாது என்று ஒப்புக்கொள்வது அதிகாரத்துக்கு இழுக்கு என்று கருதப்படுகிறது. ஆனால் அடுத்த தகவல் எந்த நாளில் வரும் என்பது தெரிந்த ஊழியரால் அந்த நாள்வரை வேலையில் கவனம் வைக்க முடியும். அந்த நாளில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லையென்றாலும், அதைச் சொல்வதற்காகவேனும் கூட்டம் நடந்தாகவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் இங்குப் பொருந்தும். முதலாவது, முடிவை எடுத்துவிட்டு அபிப்பிராயம் கேட்பதாக நடிப்பது, கேட்காமலே இருப்பதைவிடத் தீங்கானது. ஊழியர்கள் அதை எளிதில் கண்டுகொள்வர், அடுத்தமுறை உண்மையாகவே கேட்கும்போதும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாவது, நல்ல பேச்சு நியாயமற்ற ஏற்பாட்டை நியாயமாக்கிவிடாது. போதிய இழப்பீடும் மறுபயிற்சியும் இல்லாத ஆட்குறைப்பை எவ்வளவு கனிவாக அறிவித்தாலும் அது ஆட்குறைப்பே. கிரீன்பர்க் ஆராய்ந்த ஆலையில் முழு விளக்கம் பெற்றவர்களிடமும் இழப்பின் கசப்பு ஓரளவு எஞ்சியிருந்தது என்பதை மறக்கலாகாது.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, ஒரு மாற்றத் திட்டத்தின் மொத்தச் செலவில் சிறு துளியே: மேற்பார்வையாளர்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் தகவல், வாரத்துக்கு ஒரு மணிநேரக் கூட்டம், கேள்விகளை ஏற்று விடை தேடித் தரும் பொறுப்பில் ஓர் அதிகாரி. எனினும் இயந்திரத்தின் விலையைப் பைசா வரை கணக்கிடும் திட்ட அறிக்கைகளில் இதற்கென்று ஒரு வரி காணப்படுவது அரிது. விலகிச் சென்ற அனுபவசாலிகள், நின்றுபோன ஷிப்டுகள், நீதிமன்றப் படிகள் என்று பின்னால் வரும் செலவுகளோ எந்தத் திட்டத்தின் பெயரிலும் எழுதப்படுவதில்லை. அவற்றையும் மாற்றத்தின் செலவாகவே பதிவு செய்யும் நிறுவனத்துக்கு, ஊழியரிடம் பேசுவது அவருக்குச் செய்யும் சலுகை அன்று, செய்துமுடிக்கவேண்டிய வேலையின் ஒரு பகுதி என்பது தன் கணக்கேட்டிலிருந்தே விளங்கும்.